கறுப்புக்கு எந்த சிசிலியன்? நைடோர்ஃப், டிராகன், ஸ்வெஷ்னிகோவ்: ஓர் ஒப்பீடு

"இ4 வந்தால் சி5 என்று முடிவாகிவிட்டது சார். அதற்கப்புறம் எது?" செஸ்ஸில் வெள்ளை முதல் நகர்த்தலாகச் சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ள, கறுப்பு பதிலுக்கு சி5 தள்ளுவதுதான் சிசிலியன் தற்காப்பு (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). அதன் கிளைகளில் எதை ஆடுவது என்ற இந்தக் கேள்வி எனக்கு மாதம் ஒரு முறையாவது வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் 1400-க்கும் 1800-க்கும் நடுவில் ரேட்டிங் உள்ளவர்கள். மீதிப் பேர், அந்த ரேட்டிங்கில் இருக்கும் பிள்ளையைச் சனி ஞாயிறுகளில் ஊர் ஊராக டோர்னமென்டுக்கு அழைத்துப் போகும் பெற்றோர்கள். எல்லோருமே ஏற்கெனவே நாலைந்து வீடியோ பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு வீடியோவும் தான் விற்கிற வேரியேஷன்தான் (கிளைதான்) உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லியிருக்கும்.

எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலைக் கேட்டால் நைடோர்ஃபும் ஸ்வெஷ்னிகோவும் உறுதியானவை, டிராகன் ஒரு படி கீழே என்று சொல்லும். சரிதான். ஆனால் பன்னிரண்டாவது நகர்த்தலில் எஞ்சின் காட்டுகிற அந்தச் சின்ன வித்தியாசம் நம் மேசைக்கு வந்து சேருவதே இல்லை. இருபதாவது நகர்த்தலில் யாராவது ஒருவர் குதிரையைச் சும்மா கொடுத்துவிடுகிறார். ஆகவே எஞ்சினை ஓரமாக வைத்துவிட்டு வேறு அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, நீங்கள் படித்தது பலகையில் எத்தனை தடவை வரும் என்பது. வெள்ளைக் காய்களில் ஆடுகிறவர் விருப்பம் இல்லாவிட்டால் விலகிப் போய்விடலாம் அல்லவா?

இரண்டாவது, படிக்க வேண்டியதன் அளவு. இதில் அகலம் வேறு, ஆழம் வேறு. பத்துக் கிளைகளில் பத்துப் பத்து நகர்த்தல் தெரிந்திருப்பது ஒரு வகைச் சுமை. ஒரே கிளையில் இருபத்தைந்து நகர்த்தல் தெரிந்திருப்பது இன்னொரு வகை.

மூன்றாவது, ஒரு தவறின் விலை. சில ஓப்பனிங்குகளில் தப்பாக ஆடினால் கொஞ்சம் மோசமான நிலை. சிலவற்றில் அடுத்த சுற்று வரைக்கும் கேண்டீனில் உட்கார்ந்திருக்கலாம்.

நான்காவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம்: மறந்துபோனால் என்ன ஆகும்? 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 வினாடியும் கொண்ட ஆட்டத்தில், அதுவும் ஒரு நாளின் இரண்டாவது சுற்றில், மறப்பது நிச்சயம். மறந்த பிறகு யோசித்துச் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்க முடிகிற நிலையா, முடியாத நிலையா?

மூன்றுக்கும் பொதுவான ஒரு செலவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சி5 ஆடியதுமே எதிரி டி4 தள்ளி மையத்தைத் திறக்கும் ஓப்பன் சிசிலியனுக்குள் வந்துவிடுவார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டாவது நகர்த்தலில் சி3 தள்ளும் அலப்பின், சிப்பாயைப் பலி கொடுக்கும் ஸ்மித்-மோர்ரா, எஃப்4 வரும் கிராண்ட் ப்ரீ, குளோஸ்டு சிசிலியன் எல்லாம் காத்திருக்கின்றன. ஆட்டங்களை எழுதிவைத்த என் ஸ்கோர்ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இவைதான். எந்தக் கடையில் வாங்கினாலும் கட்ட வேண்டிய வரி இது. மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் இரண்டு வாரத்தை இதற்கு ஒதுக்கிவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

## நைடோர்ஃப்

நம் ஹால்களில் "நஜ்டார்ஃப்" என்றுதான் அதிகம் காதில் விழும். போலந்தில் பிறந்த மிகேல் நைடோர்ஃப், 1939-இல் ஒலிம்பியாடுக்காக புவனெஸ் அயர்ஸ் போயிருந்தபோது போர் வெடித்தது. அவர் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய நகர்த்தல் ஐந்தாவதாக வரும் ஏ6. பார்க்கச் சோம்பேறித்தனமான நகர்த்தல். வெள்ளையின் குதிரையோ பிஷப்போ பி5-க்கு வராமல் தடுத்துவிட்டு, அடுத்து இ5 தள்ளலாமா, இ6 தள்ளலாமா, பி5 தள்ளலாமா என்பதை ஒளித்து வைக்கிறது.

கறுப்பு ஒளித்து வைத்தால் வெள்ளைக்கும் வழிகள் பெருகும். ஆறாவது நகர்த்தலில் பிஷப் இ3, ஜி5, இ2, சி4 என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். எஃப்3, எச்3, ஜி3, ஏ4 உண்டு. சமீப வருடங்களில் எச்4-கூட ஆடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பின் அமைப்பு வேறு. நான் அகலம் என்று சொன்னது இதைத்தான்.

இந்த ஓப்பனிங்கில் தயாரிப்பு எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதற்கு 1955-இல் கோதன்பர்க்கில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இன்டர்சோனலைவிட நல்ல உதாரணம் கிடையாது. நைடோர்ஃப், பன்னோ, பில்னிக் என்று மூன்று அர்ஜென்டினாக்காரர்களுக்கு ஒரே சுற்றில் மூன்று சோவியத் வீரர்களோடு ஆட்டம்: கெரெஸ், கெல்லர், ஸ்பாஸ்கி. அர்ஜென்டினாக்காரர்கள் மூவரும் சேர்ந்து தயாரித்த ஒரே வேரியேஷன் மூன்று பலகையிலும் வந்தது. பிஷப் ஜி5 லைனில் ஒன்பதாவது நகர்த்தலாகக் கறுப்பு தன் சிப்பாயை ஜி5-க்குத் தள்ளுவது. கெல்லர் குதிரையை இ6-இல் பலி கொடுத்தார். ராணி எச்5-இல் செக் வைத்ததும் கறுப்பு ராஜா எஃப்8-க்குப் போனது. அங்கே பிஷப்பை அமைதியாக பி5-இல் வைத்தார். பக்கத்துப் பலகைகளில் இருந்த இருவரும் எட்டிப் பார்த்துவிட்டு அதையே ஆடினார்கள். மூன்று அர்ஜென்டினாக்காரர்களும் தோற்றார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மூன்று வருடம் கழித்து போர்ட்டோரோஸில் பதினைந்து வயது பாபி ஃபிஷர் கிளிகோரிச்சுக்கு எதிராக அதே லைனை ஆடி, அதே இடத்தில் யானையை எச்7-க்கு நகர்த்தி டிரா செய்தார். மூன்று கிராண்ட்மாஸ்டர்களைச் சாய்த்த நிலையைக் காப்பாற்ற ஒரே ஒரு யானை நகர்த்தல் போதுமாக இருந்தது. ஆனால் அந்த ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிப்பேன் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நைடோர்ஃப் ஆடலாம்.

அந்த ஃபிஷரே 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் விஷச் சிப்பாய் வேரியேஷனை ஸ்பாஸ்கிக்கு எதிராக இரண்டு தடவை ஆடினார். பி2 சிப்பாயை ராணியால் வெட்டிவிட்டு உயிரோடு வெளியே வர முடியுமா என்று பார்க்கும் விளையாட்டு அது. ஏழாவது ஆட்டம் டிரா. பதினொன்றாவதில் ஸ்பாஸ்கி பதினான்காவது நகர்த்தலாகக் குதிரையை, அது புறப்பட்ட கட்டமான பி1-க்கே, திருப்பி வைத்தார். ராணிக்கு வழி அடைபட்டது. ஃபிஷர் தோற்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நைடோர்ஃப் முழுக்க முழுக்கச் சூதாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-இல் பான் நகரில் ஆனந்துக்கும் கிராம்னிக்குக்கும் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், பதினொன்றாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு டிரா போதும். அதுவரை டி4 ஆடிவந்த கிராம்னிக் அன்றைக்கு இ4 ஆடினார். ஆனந்த் எடுத்தது நைடோர்ஃப். 24 நகர்த்தலில் டிரா, பட்டம் ஆனந்திடமே இருந்தது. தெரிந்தவர் கையில் இது கோட்டைதான்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று பராமரிப்பு. வருடத்துக்கு ஒரு தடவையாவது தயாரிப்புக் குறிப்புகள் உள்ள ஃபைலைத் திறந்து தூசு தட்ட வேண்டும். இன்னொன்று, கறுப்பு இரண்டாவது நகர்த்தலாக டி6 ஆடியதுமே மூன்றாவது நகர்த்தலில் பிஷப் பி5 செக் வைக்க வெள்ளைக்கு வழி திறக்கிறது. 2013-இல் சென்னையில் பத்தாவது ஆட்டத்தில் கார்ல்சன் செய்தது அதுதான். ஆனந்துக்கு வெற்றி கட்டாயம். கார்ல்சனுக்கு டிரா போதும். நைடோர்ஃபின் சண்டை எதுவும் வரவிடாமல் செய்துவிட்டார். 65 நகர்த்தலில் டிரா. உலகப் பட்டம் கைமாறியது.

## டிராகன்

இங்கே ஐந்தாவது நகர்த்தல் ஜி6. பிஷப் ஜி7-இல் உட்கார்ந்து ஏ1 வரை போகும் மூலைவிட்டத்தில் கண் வைக்கும். கறுப்பின் சிப்பாய் வரிசை வானத்து டிராகன் நட்சத்திரக் கூட்டம்போல வளைந்திருப்பதால் வந்த பெயர் என்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைத் தேர்ந்தெடுக்க அந்தப் பெயரே காரணம் என்பது என் சந்தேகம்.

திட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாராவில் அடங்கும். யூகோஸ்லாவ் அட்டாக்கில் வெள்ளை பிஷப்பை இ3-இல் வைத்து, எஃப்3 தள்ளி, ராணியை டி2-இல் வைத்து, ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து, எச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போகும். கறுப்பு சி ஃபைலை (சி நெடுவரிசையை) பிடித்து, வாய்ப்புக் கிடைத்தால் யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டும். யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் ஆட்டம். இதனாலேயே கற்றுக்கொள்ள மிகச் சுலபம். ஒரு மாலையில் அடிப்படை வந்துவிடும்.

பிரச்சினை அடுத்த நாள் காலையில். 1974-இல் மாஸ்கோவில், உலக சாம்பியனோடு மோதுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் கோர்ச்னாய் டிராகன் ஆடினார். வெள்ளையில் கார்ப்போவ். பதினாறாவது நகர்த்தலில் கார்ப்போவ் தாக்கவில்லை. டி4-இல் இருந்த குதிரையை இ2-க்குப் பின்வாங்கினார். சி3-க்கு ஒரு காவல் கூடியது. கறுப்பின் யானை பலிக்கு இருந்த கூர்மை அங்கேயே மழுங்கிப் போனது. பத்தொன்பதாவதில் யானை டி3. மறுபடியும் அதே சி3-க்குக் காவல், கூடவே இ2 குதிரை தாக்குதலுக்குக் கிளம்ப விடுதலை. பிறகு இருபத்து நான்காவதில் வந்த இ5-தான் எனக்குப் பிடித்தது. அந்தச் சிப்பாய் ஐந்தாவது வரிசையை அடைத்துவிட்டது. ஏ5-இல் இருந்த கறுப்பு ராணி அந்த வரிசை வழியாக ராஜாவின் உதவிக்கு ஓடிவரப் பாதை இல்லை. 27 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கோர்ச்னாய் அசிங்கமாக ஒரு நகர்த்தலும் ஆடியதுபோல் தெரியாது. ஒவ்வொன்றும் டிராகன்காரர் இயல்பாக ஆடுகிறதுதான். இயல்பான நகர்த்தல் போதாமல் போகிற ஓப்பனிங் இது என்பதைத்தான் நான் விலை என்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1995-இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், ஆனந்த் ஒன்பதாவது ஆட்டத்தில் காஸ்பரோவை ஜெயித்தார். பத்தாவதில் காஸ்பரோவ் திருப்பி அடித்தார். பதினொன்றாவதில் காஸ்பரோவ் கறுப்பில் எடுத்தது டிராகன். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனந்த் தோற்றார், பதின்மூன்றாவதிலும் டிராகனிடம் தோற்றார். பிறகு வந்த இரண்டு டிராகன்கள் டிரா. ஆயுதம் எவ்வளவு பலமானது என்பதைவிட எப்போது எடுக்கப்பட்டது என்பது அங்கே வேலை செய்தது. நம் அளவிலும் அப்படியே. ஒரு டோர்னமென்டில் ஒரு தடவை எடுக்கும் டிராகன் பயங்கரம். ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கிறவரை எதிரி வீட்டிலிருந்தே தயாராகி வருவார், ஏனென்றால் தயாராக வேண்டியது ஒரே ஒரு பாதை.

என் சொந்தக் கதை ஒன்று. சில வருடத்துக்கு முன் ஒரு வார இறுதிப் போட்டியில் டிராகனை நம்பிப் போனேன். யூகோஸ்லாவ் அட்டாக்கை இருபது நகர்த்தல் வரை ஒப்பிப்பேன். எதிரில் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஆறாவது நகர்த்தலில் எஃப்4 ஆடினான். நான் யோசிக்காமல் பிஷப் ஜி7. அவன் இ5. நான் வெட்ட, அவன் திருப்பி வெட்ட, என் குதிரை ஜி4-க்குப் போனது. பிஷப் பி5 செக். அப்போதுதான் முதல் தடவையாகப் பலகையைப் பார்த்தேன். ராஜாவை எஃப்8-க்கு நகர்த்தினேன். குதிரை இ6-க்குப் பாய்ந்து செக் வைத்தது. அதைச் சிப்பாயால் வெட்டினால் டி ஃபைல் திறந்து ராணி போகிறது. வெட்டாமல் ராஜாவை நகர்த்தினாலும் குதிரை ராணியைத்தான் வெட்டும். பத்தாவது நகர்த்தல். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். ஏழாவதில் குதிரையை எச்5-க்கு நகர்த்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெரிய புயலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவனை வாசற்படி தடுக்கிவிட்டது.

## ஸ்வெஷ்னிகோவ்

இதில் இரண்டாவது நகர்த்தலே வேறு: டி6-க்குப் பதில் குதிரை சி6. ஐந்தாவதாக இ5 தள்ளி டி4 குதிரையைத் துரத்துகிறோம். பின்தங்கிய டி6 சிப்பாய், சிப்பாயால் காக்க முடியாத நிரந்தர ஓட்டை டி5-இல். செய்யாதே என்று பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் இரண்டையும் ஒரே நகர்த்தலில் செய்தாயிற்று. 1910-இல் ஷ்லெஷ்டருக்கு எதிராக லாஸ்கர் ஆடியிருந்தாலும், எழுபதுகளில் செல்யாபின்ஸ்க் நகரைச் சேர்ந்த ஸ்வெஷ்னிகோவ் பிடிவாதமாக ஆடி ஆடித்தான் உலகம் இதை நம்பியது.

ஏன் நம்பியது? வெள்ளைக் குதிரை பி5-க்கு வந்து, ஏ6-ஆல் துரத்தப்பட்டு, ஏ3 என்ற ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அது திரும்பி மையத்துக்கு வர நேரம் பிடிக்கும். அதற்குள் கறுப்புக்கு பி5, எஃப்5 என்று வேலை ஓடுகிறது. வெள்ளை பிஷப்பால் எஃப்6 குதிரையை வெட்டினால் கறுப்புக்கு இரண்டு பிஷப்பும் கிடைக்கின்றன.

நான்காவது அளவுகோல் இங்கேதான் கறுப்புக்குச் சாதகம். ஆறாவது நகர்த்தலில் குதிரையை பி5 தவிர வேறெங்கே கொண்டுபோனாலும் கறுப்புக்குச் சிரமம் இல்லை. எனவே நைடோர்ஃபின் பத்துக் கிளை இங்கே இரண்டு மூன்றாகச் சுருங்குகிறது. சிப்பாய் அமைப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் அதிகம் மாறுவதில்லை. பதினான்காவது நகர்த்தலில் லைன் மறந்துபோனால், "எஃப்5 தள்ளு, டி5-ஐக் கண்காணி, பிஷப்புகளைத் திற" என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நாமாக ஒரு நகர்த்தலைக் கண்டுபிடிக்கலாம். அது சிறந்ததாக இருக்காது. ஆனால் ஆட்டம் பத்தாவது நகர்த்தலில் முடியாது.

செலவு? வெள்ளைக் குதிரை டி5-இல் வந்து உட்கார்ந்து, உங்களுக்குச் சொந்தச் சிப்பாய்களே வழிமறிக்கும் மோசமான பிஷப் மட்டும் மிஞ்சினால், ஐம்பது நகர்த்தலுக்குக் கரையான் அரிப்பதுபோல் அரிபடுவீர்கள். டிராகன் தோல்வி அரை மணியில் முடியும். ஸ்வெஷ்னிகோவ் தோல்வி நாலு மணி நேரம் உட்காரவைத்துப் பாடாய்ப் படுத்தும். பொறுமை இல்லாதவர்களுக்கு அந்த நாலு மணி நேரம் பெரிய தண்டனை.

ரோசோலிமோ என்கிற தொல்லையும் உண்டு: மூன்றாவது நகர்த்தலில் பிஷப் பி5. 2012-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கெல்ஃபாண்டின் ஸ்வெஷ்னிகோவை ஐந்தாவது ஆட்டத்தில் சந்தித்த ஆனந்த், பிறகு ரோசோலிமோவுக்கு மாறிவிட்டார். சமநிலையை முறிக்க ஆடிய டைபிரேக்கில் வெற்றி தோல்வி கண்ட ஒரே ஆட்டமும் ரோசோலிமோதான், ஆனந்த் ஜெயித்தார். 2018-இல் லண்டனில் கார்ல்சனோடு நடந்த உலகப் பட்டப் போட்டியில் கருவானாவும் முதல் மூன்று வெள்ளை ஆட்டத்தில் அதைத்தான் ஆடினார். பிறகு எட்டாவது ஆட்டத்திலிருந்து ஸ்வெஷ்னிகோவுக்குள் வந்து ஏழாவது நகர்த்தலாகக் குதிரை டி5. டி5 ஓட்டையை வெள்ளைச் சிப்பாயே அடைத்துவிடும் என்பதால் அது வேறு வகை ஆட்டம். வெள்ளை ராணிப் பக்கம் ஓடும், கறுப்பு ராஜாப் பக்கம் ஓடும். எட்டாவதில் கருவானாவுக்கு நல்ல தாக்குதல் இருந்தது. எச்3 என்று ஒரு மெதுவான நகர்த்தலில் நழுவவிட்டார். பன்னிரண்டு ஆட்டமும் டிரா. ரேபிட் டைபிரேக்கின் இரண்டாவது ஆட்டத்தில் அதே லைனில் கறுப்பில் கார்ல்சன் ஜெயித்தார்.

## ஒரு பார்வையில்

| | நைடோர்ஃப் | டிராகன் | ஸ்வெஷ்னிகோவ் |
|---|---|---|---|
| வெள்ளை எளிதாக விலகும் வழி | பிஷப் பி5 செக் | பிஷப் பி5 செக் | ரோசோலிமோ |
| படிக்க வேண்டியது | மிக அகலம் | குறுகல், ஆனால் மிக ஆழம் | நடுத்தரம் |
| ஒரு தவறின் விலை | லைனைப் பொறுத்து | பெரும்பாலும் ஆட்டமே | மெதுவான வேதனை |
| மறந்தால் மீளலாமா | அனுபவம் இருந்தால் | அரிது | பெரும்பாலும் ஆம் |
| பிளிட்ஸில் (அதிவேக ஆட்டத்தில்) | நன்று | மிக நன்று | நன்று |

## யாருக்கு எது

1500 ரேட்டிங், வேலை அல்லது படிப்பு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் செஸ்ஸுக்கு என்றால் ஸ்வெஷ்னிகோவ். எனக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை. அசிங்கமான சிப்பாய் அமைப்பைப் பார்த்து முதல் ஒரு மாதம் முகம் சுளிப்பீர்கள், பழகிவிடும்.

1900-ஐத் தாண்டியவர், இன்னும் பத்து வருடம் ஆடுவேன் என்று தெரிந்தவர், ஃபைல் பராமரிக்கிற பழக்கம் உள்ளவர் நைடோர்ஃபுக்குப் போகலாம். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாக் கிளையையும் திறக்காதீர்கள். பிஷப் இ2, பிஷப் இ3, பிஷப் ஜி5 மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முதல் வருடம் ஓடிவிடும். விஷச் சிப்பாய் இரண்டாவது வருடத்துக்கு.

டிராகன், இணையத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறவர்களுக்குப் பொன். எதிரிக்கு யோசிக்க நேரம் இருக்காது. கடைசிச் சுற்றில் ஜெயித்தே ஆக வேண்டிய நிலையிலும் இரண்டாவது ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம். கிளாசிகல் ஆட்டத்தில் ஒரே ஆயுதமாக வேண்டாம்.

பிள்ளை இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறது, இரண்டு நகர்த்தல் மேட்டையே இன்னும் தவறவிடுகிறது என்றால் மூன்றுமே வேண்டாம். இ4-க்கு இ5 ஆடட்டும். சிசிலியன் எங்கேயும் ஓடிப்போகாது.

போன வாரம் எழுதிய ஓர் அம்மாவுக்குத் தனியாக ஒரு பதில்: உங்கள் மகன் டிராகனைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறான் என்றால் ஆடட்டும், தடுக்காதீர்கள். யூகோஸ்லாவ் அட்டாக்கைத் திறப்பதற்கு முன்னால், ஆறாவது நகர்த்தலில் எஃப்4 வந்தால் என்ன ஆடுவாய் என்று மட்டும் அவனைக் கேட்டுப் பாருங்கள்.